பதினாறு பேர் அழுத்தவில்லையாம்

இன்றைக்கும் யாராவது "மிஷின் பொய் சொல்லாது" என்றால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. மிஷின் சொல்லும் பொய்யைக் கண்டுபிடிக்கத்தான் எட்டு வருடம் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசி. டத்தோ கிராமாட்டிலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரேடியோவுக்குப் போகும் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பது என் வேலை. விளக்கு ஒரு தடவை எரிந்து மறு தடவை எரியாவிட்டால், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போட வேண்டும்.

எங்கள் லைனில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு டாய்லட் கார்டு. அது கையில் இல்லாமல் எழுந்து போனால் எச்சரிக்கைக் கடிதம். மாதவிலக்கு நாட்களில் நாங்கள் பட்ட அவமானத்தை எழுதக் கை கூசுகிறது. அந்தக் கார்டை ஒழித்துக்கட்டுகிறேன் என்று என் பக்கத்து நாற்காலி அக்கா தொழிலாளர் பிரதிநிதித் தேர்தலில் நின்றார். எதிரில் நின்றவர் ஸ்டோர்காரர், மேலிடத்துச் செல்லப்பிள்ளை.

அதுவரை சீட்டு எழுதி பிஸ்கட் டின்னில் போடுவோம். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் எண்ணுவார்கள். அந்த வருடம், எலக்ட்ரானிக் செய்கிற நமக்குக் காகிதம் எதற்கு என்று, இரண்டு பொத்தான் வைத்த பெட்டி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார்கள். நாங்களும் பல்லை இளித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். நாள் பூராவும் பொத்தான் சோதிக்கிற கூட்டம் நாங்கள். இதைச் சோதித்தீர்களா என்று ஒருத்தியாவது கேட்டோமா? என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

அக்காவின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு மினுக்கென்று எரிந்து உடனே அணைந்தது. இரண்டு தடவை அழுத்தினால் ஓட்டு செல்லாது என்று மேலே எழுதி ஒட்டியிருந்ததால் மறுபடி தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அக்கா நான்கு ஓட்டில் தோற்றார். ஓட்டுப் போட வந்து பெயர் பதிந்தவர்களைவிட, விழுந்த ஓட்டு பதினாறு குறைவாக இருந்தது. சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

"அண்ணே, அக்காவோட பட்டன் லூஸ் காண்டெக்ட். தொறந்து டெஸ்ட் பண்ணுங்க."

"பதினாறு பேரு அழுத்தாமலே வந்துட்டாங்க லா. மிஷின் பொய் சொல்லாது, தங்கச்சி."

"அப்ப திரும்ப எண்ணுங்க."

"என்னத்த எண்ணுறது? நம்பர் வந்திருச்சு, முடிஞ்சிருச்சு."

டின்னாக இருந்தால் கவிழ்த்துக் கொட்டி இன்னொரு தரம் எண்ணியிருக்கலாம். ஆத்திரம் தாங்காமல் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அந்தப் பெட்டியின் நெற்றியில் ஒட்டினேன். அதற்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதையாவது மறந்து தொலைக்கலாம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா எங்கள் மேஜைக்கு வரவில்லை. நானே தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. நீ எனக்கு அழுத்துனியா?"

"சத்தியமா அழுத்துனேன்க்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க" என்று அக்கா பாதிச் சாப்பாட்டோடு டிபன் பெட்டியை மூடினார்.