பிஸ்மி சொல்லிக் குடித்த கம்மங்கூழ்

இந்த அரபு நாட்டில் பஸ்ஸில் போலீஸ்காரர் ஏறினால் எல்லாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை. 'பதாக்கா' என்று முதலில் ஹிருத்திடம் கை நீட்டுவார், அடுத்து என்னிடம். வெள்ளைத் தோல்காரர்களைத் தாண்டிப் போய்விடுவார். ஹிருத் எத்தியோப்பியாக்காரி. நானும் அவளும் ஒரே பியூட்டி பார்லரில் வேலை பார்க்கிறோம், ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். இடுப்பு வரை கிடந்த என் சடையைக் காதளவுக்கு வெட்டிவிட்டவள் அவள்தான். அது அம்மாவுக்குத் தெரியாது. வீடியோ காலில் தலைக்குக் குளித்தவள்போல் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பேசுவேன். எந்நேரமும் ஈரத்தலையோடு இருக்கிறாயே, சளி பிடிக்காதா என்று அம்மா இன்னும் கேட்கவில்லை, புண்ணியம்.

அம்மாவுக்குத் தெரியாதது இன்னொன்றும் உண்டு. யூசுப். நரிக்குடிக்காரன். இங்கே பக்காலா என்கிற தெருமுனை மளிகைக் கடையில் வேலை. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் என்றால் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டோம். எம்.ரெட்டியபட்டி இந்துப் பெண்ணும் நரிக்குடி முஸ்லிம் பையனும் பழகினால் என்ன நடக்கும் என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் தாலி கட்டாமல் சேர்ந்து நின்றால் வம்பு. பிடித்தால் விமானம் ஏற்றிவிடுவார்கள், ஏன் ஏற்றினார்கள் என்ற பேச்சு எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும். அங்கே என் அண்ணன் காத்திருப்பான். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் லீவு நாளான வெள்ளிக்கிழமை வந்தால் கால் அறையில் நிற்பதில்லை.

போன வெள்ளிக்கிழமைக்கு யூசுப் கம்மங்கூழ் கேட்டிருந்தான். எங்கள் வானம் பார்த்த பூமியில் கம்பு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, காய்ச்சி, மோர் விட்டுக் குடிப்போம். மண்பானையில் இருந்தால் அது பாட்டுக்கு மூச்சு விடும். நான் புத்தி கெட்டு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, இறுக்கி மூடி, துணைக்கு வரும் ஹிருத்தின் பையில் வைத்தேன். மது அறவே கூடாத நாடு இது. அறைக்குள் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த நேரம் வேறு.

கடற்கரை நிறுத்தத்தில் இறங்கியதும் ஒரு போலீஸ்காரர் ஹிருத்தின் பையை மட்டும் வாங்கினார். பாட்டிலைத் திறந்தார். அது புஸ்ஸென்று சீறி அவர் சட்டையில் நுரையைத் தெளித்தது. முகர்ந்து பார்த்து, "கமர்?" என்றார். சாராயமா என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திராமல் ஹிருத்தின் மணிக்கட்டைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தார். என்னுடையது, சாப்பாடு என்று எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் சொன்னேன். சாப்பாடு சீறுமா என்பதுபோல் பார்த்துவிட்டு என் அட்டையையும் வாங்கிக்கொண்டார்.

எதிரே எங்களுக்காகக் காத்து நின்றிருந்த யூசுப்பை, வராதே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். வந்தான். பாட்டிலை வாங்கி, "பிஸ்மில்லாஹ்" என்று உரக்கச் சொல்லி, மிச்சத்தை மடமடவென்று குடித்தான். அல்லாவின் பேரைச் சொல்லித் தொடங்கும் பிஸ்மியைச் சாராயத்துக்கு யாரும் சொல்வதில்லை. போலீஸ்காரர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் காட்டி, இவள் உனக்கு யார் என்று கேட்டார்.

"உக்தி" என்றான் யூசுப். என் தங்கச்சி.

ஒரே ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்லிக்கொள்வது இங்கே வழக்கம்தான். அட்டைகளைத் திருப்பித் தந்தார், ஹிருத்தினுடையதைக் கடைசியாக. அவள் சிவந்திருந்த மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே நடந்தாள். யூசுப் எங்களைவிட்டு எட்டியே வந்தான்.

"வேற என்னத்தச் சொல்ல?" என்றான், என்னைப் பார்க்காமல்.

சாயங்காலம் அம்மா வீடியோ காலில் வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஒத்தையில கெடக்கியே, நம்ம பக்கத்து ஆளுக யாரும் அங்கன இருக்காகளாடி?"

நெற்றிவரை துண்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இருக்காகம்மா. ஒரு அண்ணன் இருக்காக."