வலது பக்கத்துப் பாதி

போன வாரம் திருப்பதியில் அலிபிரி பக்கத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். வாசலில் ஒரு அம்மா பெங்களூரா மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே டிவியில் அமெரிக்காச் செய்தி. அந்தச் சீனாக்காரன் வீடியோ ஆப்பைத் தடை செய்வதா, வேறு ஆளுக்கு விற்கச் சொல்வதா என்று கோட்டு போட்ட இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்றவர் டம்ளரை வைத்துவிட்டு, "நாம எப்பவோ முடிச்சுட்டோம், இவுங்க இன்னும் பேசிக்கினே கீறாங்க" என்று சிரித்தார். நான் தலையை ஆட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவது என் வழக்கம். அந்த ஆட்டலால் எனக்கு ஒரு ஆள் போய்விட்டார். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

மாங்காய் வாசனை வந்தால் எனக்குச் சித்தூர் ஜூஸ் ஃபேக்டரி வந்துவிடும். மாங்கூழ் டின்னில் அடைக்கிற இடம். சீசன் மூன்று மாதம். எனக்குக் கொட்டை அள்ளும் வேலை. ஈயும் நானும் கொட்டைக் குவியலுமாக ஒரு மூலையில் இருப்போம். அது கொரோனா வருஷம். சோறு தின்னும்போது தள்ளித் தள்ளி உட்காரச் சொல்லித் தரையில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் வித்தியாசமே தெரியவில்லை. வட்டம் போடுவதற்கு முன்பும் நான் தனியாகத்தான் தின்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கல்யாணமும் அமையாதவன், நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மாங்காய் அறுக்கிற வரிசையில் சுகுணா என்று ஒரு பெண் இருந்தாள். பெரிய வாய். ரெண்டு பிள்ளைக்குத் தாய், ஆனாலும் மாங்காய்க் கூடையை இடுப்பில் வைத்து ஆடி வீடியோ போடுவாள். ஒருநாள் என் போனைப் பிடுங்கி அந்த ஆப்பை ஏற்றி, பேருக்கு 'சித்தூர் அண்ணா' என்று போட்டுக் கொடுத்தாள்.

"பேச வராதுன்னு தானணா முழிக்கிற? இதுல வாய மட்டும் அசை போதும். சத்தம் வேற ஒருத்தன் குடுப்பான்."

நான் ஆடவும் இல்லை, வாயசைக்கவும் இல்லை. சோற்று நேரத்தில் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அப்படித்தான் ஒருநாள் அவர் வந்தார். சூளூர்பேட்டை ஸ்டேஷன் பக்கம் தள்ளுவண்டியில் மீன் விற்கிறவர். என் வயதுதான் இருக்கும், முன்பல் ஒன்று இல்லை. வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டைப் பிசைந்துகொண்டே நம்மைப் பார்த்துப் பேசுவார்.

"துன்ட்டியாபா?" என்பார். கொஞ்சம் நிறுத்துவார். "இன்னா கொழம்பு?" மறுபடி நிறுத்துவார். "அய்ய, தெனிக்கும் அதேவா?" பிறகு ஒரு வாய் வைத்து, "சரே, கை கழுவிக்கினு வரேன்." அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த நிறுத்தங்கள் யாருக்காக என்று எனக்கு முதலில் புரியவில்லை. சுகுணாதான் சொன்னாள். இதற்கு ஜோடி வீடியோ போடலாமாம். திரை இரண்டாகப் பிரியும். வலது பாதியில் அவர், இடது பாதியில் நாம். அவர் நிறுத்துகிற இடத்தில் நாம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.

டிபன் டப்பா மூடியில் போனைச் சாய்த்து வைத்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. "துன்னுகினு கீறேன்" என்றேன். "கத்திரிக்கா" என்றேன். "தெனிக்கும் அதேவா" என்று அவர் கேட்டதும் நிஜமாகவே சிரித்துவிட்டேன். முந்தின நாளும் கத்திரிக்காய்தான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் எடுத்துப் போட்டேன். ஒரு மணிக்கு அவர் புதிதாக ஒன்று போட்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தின்பேன். அவர் ஊருக்கே பொதுவாகத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தட்டைப் பிசைந்துகொண்டே, "சித்தூரு அண்ணா, இன்னிக்காவது கத்திரிக்காய உட்டியா?" என்றார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். முருங்கைக்காய் என்று பொய் சொன்னேன், அவர் சந்தோஷப்படட்டும் என்று.

நம்பர் கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்கவில்லை. நம்பர் கேட்டால் என்ன நினைத்துக்கொள்வாரோ, போன் செய்தால் நிறுத்தாமல் பேச வேண்டுமே என்று பயம். நாளைக்கு ஒரு மணிக்கு வரப்போகிறவரிடம் நம்பர் எதற்கு?

எல்லையில் நம் சிப்பாய்கள் செத்த மாதம் அது. செய்தி வந்த அன்று அறுக்கிற வரிசையில்கூடப் பேச்சு இல்லை. கொஞ்ச நாளில் துக்கம் கோபமாகிவிட்டது. ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கேட்டில் கொடியோடு பத்துப் பேர் நின்றார்கள். சீனாக்காரன் ஆப்பை எல்லோரும் அங்கேயே அழிக்க வேண்டுமாம்.

"தேசம் பெருசா, டான்ஸ் பெருசா?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

"மொதல்ல இந்த ஃபேக்டரி கக்கூசுக்குக் கதவு போடச் சொல்லு நைனா, அப்புறம் சீனாவ பாக்கலாம்" என்றாள் சுகுணா. சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் அவள் போனைக் காலி டிபன் கேரியருக்குள் போட்டு மூடியதை நான் பார்த்தேன்.

யாரோடும் பேச வேண்டியிருக்கக் கூடாது என்று எப்போதும் முதல் ஆளாக வெளியே வருகிறவன் நான். அன்றைக்கும் அப்படி வந்து மாட்டிக்கொண்டேன். "வாங்கண்ணா, நீங்க ஆரம்பிச்சா மத்தவங்களும் வருவாங்க" என்று தோளில் கை போட்டார்கள். எனக்கு அழிக்கத் தெரியாது. அவர்களே காட்டினார்கள். "அழுத்தி வெய்ங்கண்ணா." வைத்தேன். கை தட்டினார்கள், கோஷம் போட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். சிப்பாய்களுக்காகத்தான் தூக்கினேன், அதில் பொய் இல்லை. ஆனால் முடியாது என்று சொல்லத் தெரியாததால்தான் அழுத்தினேன், அதிலும் பொய் இல்லை.

அதை ஒருவர் படம் பிடித்தார். பிடித்ததை அதே ஆப்பில் போட்டார்கள். வேறு எங்கே போட்டால் இத்தனை பேர் பார்ப்பார்கள்?

நாளைக்குச் சுகுணாவிடம் கொடுத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் வீட்டுக்குப் போனேன். அன்றிரவே அரசாங்கம் தடை போட்டுவிட்டது. காலையில் ஏற்றப் பார்த்தால் ஆப்பே கிடைக்கவில்லை. சுகுணா போனில் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பத்து மணி டீக்கு என் மூலைக்கு ஓடி வந்தாள். "அண்ணா, அந்த மீன்கார அண்ணன் உன் வீடியோவுக்கு ஜோடி போட்டுகீறாரு! காலங்காத்தால தட்டோட குந்திகினு. நீ வலது பக்கம் டெலீட் பண்ற, அவரு இடது பக்கம் உன்னியே பாத்துகினு கீறாரு."

அத்தனை நாள் நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னா சொன்னாரு?"

"பேசனாருணா. சத்தம் வெக்கல, மேஸ்திரி பின்னால நின்னுகினு இருந்தாரு. சோத்து நேரத்துல காட்றேன்."

ஒரு மணிக்கு இரண்டு பேரும் அவள் போனைத் திறந்தோம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு இங்கிலீஷில் ஏதோ வந்தது. சுகுணா இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள். "சோறு துன்னுணா" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

சீசன் முடிந்ததும் திருப்பதி வழியாக பஸ் ஏறி சூளூர்பேட்டைக்குப் போனேன். ஸ்டேஷன் பக்கம் ஏழெட்டு மீன் வண்டிகள். எல்லோர் முகத்திலும் மாஸ்க். நான் அறிந்ததெல்லாம் தின்கிற வாயும் இல்லாத பல்லும்தான், அதைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். பேர் தெரியாது. முன்பல் இல்லாதவர் யார் என்று எந்த வண்டியில் போய்க் கேட்பேன்? ஒரு மணி ஆனதும் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து, மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கட்டிக்கொண்டு போன சோற்றைத் தின்றேன். என் முகத்தையாவது அவர் பார்க்கட்டும் என்று மெதுவாகத் தின்றேன். ஒரு நாய்தான் வந்தது.

அந்த ஆப் நல்லதா கெட்டதா என்று பேச எனக்குப் படிப்பில்லை. நாட்டுக்கு நல்லது என்றார்கள், இருக்கலாம். இப்போது வேறு வேறு ஆப்கள் வந்துவிட்டன. நிறையப் பேர் பேசுகிறார்கள். அவர் மாதிரி கேட்டுவிட்டு நிறுத்துகிறவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

போன மாதம் சுகுணா மகள் கல்யாணம். மேடையில் போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கேமராக்காரர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சுகுணா கீழே இருந்து கத்தினாள்.

"நடுவுல வாணா! யாருக்கு எடம் உட்டுகினு நிக்கிற?"