தலைவர் கும்பிட வந்த ஞாயிறுகள்

கோயில் தலைவர் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. நல்ல மனுஷி என்று பெயர் வாங்கும் ஆசை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கிடையாது.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அவர் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். ஆபீஸ் சாவியும் கோயில் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். என் அப்பா பகலில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை வெட்டுவார், பொழுது சாய்ந்தால் மரத்தடி முனியாண்டிக்குப் பூசாரி. ஒரு கல், நட்டுவைத்த ஓர் அரிவாள், படையலுக்குச் சுருட்டும் கோழியும். அவ்வளவுதான் அந்தச் சாமி.

தலைவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. “நாலு பேரு பாத்தா என்னாய்யா நெனப்பான்? சுருட்டு, கோழி எல்லாம் காட்டுப் பழக்கம்” என்று அப்பாவை எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னார். கல்லையும் அரிவாளையும் பெயர்த்துக் கால்வாயில் போடச் சொன்னார். தமிழ்நாட்டிலிருந்து குருக்கள் வந்தார். வெள்ளிக்கிழமை பூஜைக்கு எல்லாக் குடும்பமும் வந்தாக வேண்டும், வராதவர் வீட்டு நல்லது கெட்டதுக்குக் கோயில் வராது என்று தலைவர் சட்டம் போட்டார்.

அப்பா கால்வாயில் இறங்கித் தேடினார். கல் சேற்றுக்குள் போய்விட்டது. அரிவாள் மட்டும் கிடைத்தது. அதைக் கைலியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கடைசி ஆளாக நின்று விபூதி வாங்கிக்கொண்டு வருவார், வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அரிவாளுக்குச் சுருட்டுப் பற்றவைப்பார். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். எங்களைத் தள்ளிவைத்தார்கள்.

அப்பா செத்தபோது கோயிலிலிருந்து கூடாரம் வரவில்லை. தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் வரும் கூடாரம் அது. மழை பிடித்துக்கொண்டது. குடை பிடித்தும் அப்பாவின் நெற்றி விபூதி கரைந்து காதுக்குள் ஓடியது. துடைக்கத் துடைக்க ஓடியது. அந்த ஆளை நான் மன்னிக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த வருஷம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் சரித்திரம் எடுத்தேன். அதில் ஒரு ராணி வந்தாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தை ஆண்டவள், கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவள். அவள் ஆட்சியில் மாதா கோயில்களில் பழைய சொரூபங்களை எடுத்துப் போட்டார்கள். நாடு முழுக்க ஒரே ஜெபப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவனுக்கு அபராதம். பழைய வேதத்தை விடாத கத்தோலிக்கர்கள் தங்கள் சாமியாரைச் சுவருக்குள் பொந்து கட்டி ஒளித்துவைத்தார்கள். மனசுக்குள் நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், உடம்பு வந்து நிற்க வேண்டும். வகுப்பில் எல்லாரும் பரீட்சைக்காக உருப்போட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். சரித்திர ஆசிரியை ஆனதற்கு அவள்தான் காரணம்.

தோட்டம் கைமாறி எல்லாரும் சிதறினார்கள், கோயில் மட்டும் தலைவர் கையில் நின்றது. நான் புஞ்சாக் ஆலாம் டவுனில் வீடு வாங்கினேன். பின்கட்டில் சின்ன மாடம் வைத்து அரிவாளை நிறுத்தினேன். போன வருஷம் தலைவரின் மகன் சபாக் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானான். குறி சொல்லும் ஒருவர், “தூக்கிப் போட்ட சாமி கோவமா இருக்கு, போயி விழு” என்று சொன்னாராம். அதனால்தான் என் வாசலில் செருப்புக் கழன்றது.

ஒரு காலத்தில் என்னை “ஏ புள்ள” என்று விரட்டியவர், இப்போது கைகட்டி நின்றார். “டீச்சர், அந்த அருவா உங்க வீட்டுல இருக்காமே. கோயிலுக்குக் கொண்டு போயி முறையா வெச்சிர்றேன். பையன் எந்திரிக்கணும். பாத்து செய்ங்க லா.”

தருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த ராணி, பெண் கேட்டு வந்த இளவரசர்களை வருஷக்கணக்கில் அப்படித்தான் நிற்கவைத்தாள். “ஞாயித்துக்கெழம பூஜைக்கு வாங்க. அப்புறம் பாப்போம்” என்றேன்.

வந்தார். வாராவாரம் வந்தார். துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் நிற்கவைத்தேன். சுருட்டை அவர் கையாலேயே பற்றவைக்கச் சொன்னேன். இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு இனித்தது. அவர் கும்பிட்டாரா என்று நான் பார்க்கவில்லை. வந்தாரா என்று மட்டும்தான் பார்த்தேன்.

சில மாதங்களில் மகன் எழுந்து கோலூன்றி நடந்தான். டாக்டர்கள் எதிர்பார்த்ததுதான். இனி அரிவாளைக் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ‘தர மாட்டேன். இது மழையில நனஞ்சவரு அருவா.’ அதைச் சொல்லும் நாளுக்காகத்தான் அத்தனை ஞாயிறும் காத்திருந்தேன்.

அந்த ஞாயிறு மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். அரிவாளைக் கேட்கவில்லை. சுருட்டை இருமாமல் பற்றவைத்து மாடத்தில் வைத்தார். தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “அப்பனே, தெரியாம செஞ்சிட்டேன், பொறுத்துக்க” என்று விம்மினார். அதில் நடிப்பு இல்லை. ஆயிரம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்ட காது எனக்கு.

எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“நீங்க கும்பிடலியா டீச்சர்?”

அந்த அரிவாளைத் துடைத்திருக்கிறேன், விளக்கு ஏற்றியிருக்கிறேன். அப்பா போனபின் ஒரு நாள்கூட அதைக் கும்பிட்டதில்லை. அந்த ஆளுக்கு எதிரான சாட்சியாகத்தான் வைத்திருந்தேன். அப்பனும் மகனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையைக் கூப்பினேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

அப்பாவின் சாமியை அன்றைக்குக் கால்வாயில் தூக்கிப் போட்டார். இந்தத் தடவை அரிவாளைத் தொடாமல், என் வீட்டுக்குள்ளேயே வந்து எடுத்துக்கொண்டார்.