காப்பு கட்டிய கையில் மைக்

அந்த ஒரு விரலை நான் இன்னும் மறக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம், மலேசியாவில் ஒரு ரப்பர் தோட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பக்கத்து லயத்தில், அடுத்த வீட்டு வரிசையில், ஒரு பெண்ணுக்குச் சடங்கு. என் மகள் குமுதாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தால், வாசலில் காய்கறி விற்கிற சீனர் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார். முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் குமுதா உட்கார்ந்திருக்கிறாள். "இனி அனாக் சியாப்பா?" என்று, இது யார் பிள்ளை என்று மலாயில், லயம் லயமாகக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஈப்போவிலிருந்து தாப்பா போகிற பெரிய சாலையில், நட்ட நடுவில், மரம் ஏற்றின லாரிக்கு எதிரே நின்றிருந்தாளாம். அவர்தான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடித் தூக்கியிருக்கிறார்.

பேரைக் கேட்டால் சொல்ல அவளால் முடியாது. நாலு வயது ஆகியும் குமுதாவுக்குப் பேச்சு வரவில்லை.

பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே ஓடினேன். என் கணவர் சிங்காரம் மேசை முன்னால் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கையில் மைக்.

"என்னங்க, பிள்ள ரோட்டுக்குப் போயிருச்சுங்க. லாரி அடிச்சிருக்கும்ங்க" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். இரு என்று அர்த்தம். தைப்பிங்கில் யாரோ ஒருவர் அங்கே மழை பெய்வதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு முடிக்க வேண்டுமாம்.

மாரியம்மன் தாயை நம்பி வாழ்கிற அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, சிபி செட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து சுருள் ஒயரில் ஒரு மைக். கூரைக்கு மேலே உயரமாக ஒரு கம்பி. மைக்கின் பொத்தானை அமுக்கிப் பேசினால் முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ பதில் பேசுவார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. தைப்பிங்காரருக்கு 'மழைக்குருவி' என்று பெயர். என் கணவருக்குக் 'கருஞ்சிறுத்தை'. பூரானைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்கிற மனிதர் அவர்.

கெட்டவர் இல்லை. தோட்டத்து லாரி ஓட்டினார். குடிக்க மாட்டார். "குடிக்காத புருஷன், கைநீட்டாத புருஷன், இதுக்கு மேல என்ன லா வேணும் உனக்கு" என்று லயத்துப் பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். நான் என்ன சொல்வது? ஆள் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் வீட்டில் இல்லை என்றால் யாருக்குப் புரியும்? லாரியை நிறுத்தியதும் செட் முன்னால் உட்காருவார். சோறு ஆறிப்போகும். நான் ஏதாவது சொன்னால் அந்த விரல் எழும்பும். "கேக்குதா? கேக்குதா?" இதுதான் எங்கள் வீட்டில் ஓயாமல் கேட்ட வார்த்தை. அதுவும் எங்களைப் பார்த்து இல்லை.

ரோட்டுச் சம்பவம் நடந்த அன்று விஷயம் உறைத்ததும் அழுதார். பிள்ளையின் தலையில் கைவைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். மறுநாள் சாயங்காலமே, "ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுறேன், திடீர்னு காணலன்னா அவங்க தேடுவாங்க" என்று போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்குக் கோபத்தைவிட அதிர்ச்சிதான் அதிகம். பெற்ற பிள்ளையின் தலைமேல் செய்த சத்தியம் ஒரு பொழுதுகூட நிற்கவில்லையே என்று.

குமுதாவின் மேல் அவருக்குப் பாசம் இல்லாமலா? ஈப்போ பெரியாஸ்பத்திரி டாக்டர் காதெல்லாம் நன்றாக இருக்கிறது, பேச்சு வரும்போது வரும் என்று சொல்லியிருந்தார். அது வருகிற வழியைக் காணோம். அதனால்தான் என் கணவர் எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார்: "என் மக வாயத் தொறந்து பேசணும் தாயே, நான் பூ மிதிக்கிறேன்." பூ என்றால் நெருப்பு. அந்த வருஷம் ஆடித் திருவிழாவில் அவர் கையிலும் காப்பு ஏறியது.

காப்பு கட்டுவது விளையாட்டு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் நெருப்பில் இறங்கும் நாள்வரை தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. உடம்பும் மனசும் அம்மனுடைய எல்லைக்குள் இருக்க வேண்டும். மீறி நெருப்பில் கால் வைத்தவர்களின் பாதத்தை நான் பார்த்திருக்கிறேன். லாரி வேலைக்கும் லீவு எழுதிக் கொடுத்தார். எனக்கு ஒரே நிம்மதி. இந்த நாட்களிலாவது அந்தப் பெட்டி சும்மா கிடக்கும் என்று நினைத்தேன்.

காப்பு கட்டிய மறுநாள் ரப்பர் பால் வெட்டு முடிந்து வீட்டுக்கு வருகிறேன். "கேக்குதா? கேக்குதா?" என்று சத்தம். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பகலில் லயத்துக்குக் கரண்டு கிடையாது. லாரிதான் சும்மா நிற்கிறதே என்று அதன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து செட்டில் மாட்டியிருக்கிறார். மைக்கைப் பிடித்த கையில் காப்புக் கயிறு ஆடுகிறது.

"என்னங்க இது? கையில என்ன இருக்குன்னு தெரியுதா?"

"ஏன், எல்லையத் தாண்டக் கூடாதுன்னுதானே பூசாரி சொன்னாரு. நான் எங்க தாண்டுனேன்? வீட்டுலதான உக்காந்திருக்கேன். குரல்தான் லா போவுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். நான் நேரே கோயிலுக்குப் போய் வீராசாமி பூசாரியிடம் சொன்னேன். அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களும் கூடிவிட்டார்கள். குரல் தாண்டினால் எல்லை தாண்டினதா இல்லையா? ஒருவர், "கோயில் ஸ்பீக்கர் சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் போவுதே, அப்ப அம்மனும் எல்லை தாண்டுனாளா?" என்று கேட்டார். எல்லாரும் தலையைச் சொறிந்தார்கள். பூசாரி யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியலம்மா தேவகி. இந்த வழக்கம் வந்த காலத்துல இந்தப் பெட்டி இல்ல. நீ அவகிட்டயே கேட்டுரு" என்று சொல்லிவிட்டு வேப்பிலை கட்டப் போய்விட்டார்.

அவளிடமே கேட்டேன். கும்பிட்டுக் கேட்கவில்லை, சண்டை போட்டேன். மரம் சீவிய கத்தி இன்னும் இடுப்பில் இருந்தது, பால் வாடையோடு நின்றேன். "தாயே, இவர் நெருப்புல எறங்கி வெந்துபோனா என் கதி என்ன? ஒண்ணு இவர் வாய மூடு, இல்லாட்டி என் பிள்ள வாயத் தொற. ரெண்டுல ஒண்ணு கூட உன்னால முடியலன்னா இனிமே உனக்கு நான் எதுக்கு விளக்கு ஏத்தணும்?" இப்படித்தான் கேட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன பேசினோம் என்று பயம் வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

தீமிதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மத்தியானத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் அடுப்படியில் பிள்ளைக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். முன்னறையில் அவர் மழைக்குருவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இடி மின்னல் நேரம், செட்டில் கரகரவென்று இரைச்சல் மட்டும்தான். "கேக்குதா? கேக்குதா?" என்று கத்திப் பார்த்தார். பதில் இல்லை.

பிறகு பதில் வந்தது.

"கேக்குதா?"

மெல்லிய குரல். உடைந்த குரல். அவர் உற்சாகமாகப் பொத்தானை அமுக்கி, "கேக்குது, கேக்குது. யாரு, புது ஆளா? எங்கேருந்து பேசுறீங்க?" என்றார்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க. பேரு சொல்லுங்க."

நானும் செட்டில்தான் யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்தேன். யார் வீட்டுப் பிள்ளையையோ பேச விட்டிருக்கிறார்கள், நமக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று வயிறு எரிந்தது. அவர் குமிழைத் திருகினார். இரைச்சல் கூடியதே தவிர அந்தக் குரல் கூடவில்லை. சலித்துப்போய் செட்டையே அணைத்துவிட்டார். இரைச்சல் நின்றது. வீடு அமைதியானது.

"கேக்குதா?"

கஞ்சிக் கிண்ணம் என் கையிலிருந்து விழுந்தது. அடுப்படி வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். அவருடைய முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில், குமுதா நின்றுகொண்டிருந்தாள். காலிப் பால் டின் ஒன்றை வாயருகே பிடித்திருந்தாள், அவர் மைக்கைப் பிடிக்கிற மாதிரியே. அவருடைய முதுகைப் பார்த்து இன்னொரு முறை கேட்டாள்.

"ப்பா. கேக்குதா?"

அவர் மெதுவாகத் திரும்பினார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. செத்துப் பிழைத்தவர் முகம். எத்தனை நாளாக அவள் அந்த முதுகுக்குப் பின்னால் நின்று, வாய்க்குள்ளேயே கூப்பிட்டுப் பார்த்தாளோ? பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. ஊர் ஊராகப் பேசிய மனிதருக்குச் சொந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை வரவில்லை. தரையில் அப்படியே மண்டியிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு, "கேக்குது சாமி, கேக்குது" என்று தேம்பித் தேம்பி அழுதார். அவள் பால் டின்னை அவர் காதில் வைத்து மறுபடியும் கேட்டாள். அவளுக்கு அது விளையாட்டு.

நான் கேட்டது ரெண்டில் ஒன்று. தாய் ரெண்டையும் ஒரே வார்த்தையில் கொடுத்துவிட்டாள். சந்தோஷம் பிறகுதான் வந்தது, முதலில் வந்தது நடுக்கம். நான் திட்டினது அவளுக்குக் கேட்டிருக்கிறதே.

மழை விட்டதும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய் லாரியில் மாட்டினார். மீதி நாட்களைக் கோயிலிலேயே கழித்தார். சுலபம் என்று நினைக்காதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருடைய கட்டைவிரல் இல்லாத பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தது. அமுக்க வரும்போதெல்லாம் காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். மழைக்குருவி கூப்பிட்டால் என்ன நினைப்பார் என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார். "வேற குருவி கெடைக்கும் அவருக்கு" என்றேன். கோயில் வாசல் என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டார். தீமிதி அன்று அவர் நெருப்பில் இறங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நெருப்பைக் கடந்து, கால் நனைக்கப் பசும்பால் ஊற்றி வைத்த குழியில் நின்றுகொண்டிருந்தார். பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

காப்பு அவிழ்க்கிற அன்று அவர் மட்டும் கையை நீட்டவில்லை. "அண்ணே, எனக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றார். பயம் அவருக்கு. பூசாரி, அப்படி ஒரு வழக்கம் இல்லை, எல்லாரும் அவிழ்த்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் அம்மன் காலடியிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அந்த மைக்கின் கழுத்தில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். "இதுவும் இனிமே எல்லை தாண்டாது" என்றேன். அவர் செட்டிலிருந்து அந்த மைக்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

இப்போது ஈப்போவில் வீடு எடுத்து வந்துவிட்டோம். மைக் எங்கள் சாமி அலமாரியின் ஓரத்தில், கயிறு வெளுத்துப்போய்க் கிடக்கிறது. குமுதா தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டு எங்களிடம் குறை சொன்னார். நாங்கள் ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தோம், டீச்சருக்குக் கோபமே வந்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் யாராவது உடம்பை மட்டும் விட்டுவிட்டு எங்கேயோ போயிருக்கலாம். வீடியோவோ, டெலிபோனோ, வேறு எதுவோ. அவரிடம் கத்தி உங்கள் தொண்டை வறண்டு போயிருக்கலாம். தாயிடம் போய்ச் சொல்லுங்கள். கும்பிட்டுச் சொல்ல முடிந்தால் கும்பிட்டு, முடியாவிட்டால் சண்டை போட்டுச் சொல்லுங்கள். அவள் விரலைத் தூக்கிக் காட்டி உங்களைக் காக்க வைக்க மாட்டாள். அவளுக்குக் கேட்கிறது.