செபாஸ்டியன் வீட்டுச் சத்தம்

பர்மாவில், பசுந்தாங்குப் பேட்டையில் எங்கள் கட்டடத்தில் செபாஸ்டியனுக்கு எதிரி என்று ஒருவரும் கிடையாது. நல்லவர் என்பது ஒரு காரணம். அவர் பேசுவது யார் காதிலும் விழாது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று எதிர்வீட்டுக்காரனான நான் நினைக்கிறேன்.

மிஷன் பள்ளியில் படித்து, ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கூட்டம் நடந்தால் மேலதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்து முணுமுணுப்பார்கள். கடைசி வரிசைக்கு ஒன்றும் எட்டாது. கடைசி வரிசையில் செபாஸ்டியன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். என்ன சொன்னார்கள் என்று விசாரித்தவர்களுக்கெல்லாம் தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. தலையாட்டியவர் தலைமை எழுத்தரானார்.

எண்பத்தெட்டாம் வருடம் ராணுவ ஆட்சிக்கு எதிராகத் தெருவெல்லாம் கொதித்து அடங்கிய பிறகு, வெளிநாட்டு வானொலியின் பர்மியச் செய்தியைக் கேட்காத வீடு இந்த ஊரில் இல்லை. கேட்பதாக ஒப்புக்கொண்ட வீடும் இல்லை. செபாஸ்டியன் இருப்பது இரண்டாவது மாடி. அவருக்கு நேர் கீழே, யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிய வார்டுத் தலைவர் ஊ சிட் ஓன். நடுவில் பழைய தேக்குப் பலகைத் தளம் மட்டும்தான். மேலே கரண்டி விழுந்தால் கீழே அண்ணாந்து பார்ப்பார்கள். அதனால் தினமும் சாயங்காலம் அவர் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். மனைவி அமலி போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, உரலில் எதையாவது போட்டு இடிக்க ஆரம்பிப்பாள். செபாஸ்டியன் ரேடியோக் குமிழை இடப்பக்கம் முழுக்கத் திருகி மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் சுவிட்சைப் போடுவார். பிறகு மயிரிழை மயிரிழையாகத் திறந்து, பெட்டியோடு காதை ஒட்டிக்கொள்வார். முடிந்ததும் மறுபடி முழுக்க மூடி, மேலே துணி போடுவார். இருபது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. சிரிக்காதீர்கள், என் வீட்டிலும் அதே கதைதான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் ஒரே மகள் ஜாஸ்லின் பணம் கட்டி, கூரையில் ஆன்டெனா வைத்து இணைய இணைப்பும் போட்டுக் கொடுத்தாள். அங்கேயே அவளுக்கு ஒரு நல்ல இடம் அமைந்திருந்தது. பையனின் அப்பா பொன்னுத்துரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசி, கல்யாணத்தை முடிவு செய்வதாக ஏற்பாடு.

அன்றைக்குப் படம் வந்தது. சத்தம் வரவில்லை. திரையில் பொன்னுத்துரை வாயசைத்தார், கையை விரித்தார், எதையோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சம்பந்தி முதன்முதலாகப் பேசும்போது "கேக்கலீங்க" என்று சொன்னால் மரியாதையாக இருக்குமா? செபாஸ்டியனுக்குத் தெரிந்த ஒரே வழி இருந்தது. தலையாட்டினார்.

"என்ன சொல்றாரு?" என்றாள் அமலி.

"நல்லதாத்தான் சொல்றாரு" என்று மறுபடி ஆட்டினார்.

மறுநாள் ஜாஸ்லினிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். "அப்பா, ஜனவரியிலயே சின்னதா முடிச்சிடலாம், நீங்க ரெண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்கு அலைஞ்சு கஷ்டப்பட்டு வர வேணாம்னு மாமா கேட்டாரு. மூணு தடவ தலையாட்டினீங்க. சிரிச்சீங்க. என் கல்யாணத்தைப் பாக்க உங்களுக்கு ஆசையே இல்லையா?"

அமலி அன்று சமைக்கவில்லை. செபாஸ்டியன் என் வீட்டு வாசலில் வந்து நின்று, அதைப் பார்த்தெழுதிய தாளை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் எழுதிப் போடுங்களேன் என்றேன். "ஒண்ணுமே கேக்காமத் தலையாட்டினேன்னு எழுத்துல கொடுக்கச் சொல்றீங்களா? சம்பந்தி கையில சிக்கிடும்யா. வாயால சொல்லிக்கிறேன்" என்றார். முப்பத்திரண்டு வருட எழுத்தருக்கு எழுத்தின் மேல் இருந்த பயம் அப்படி. போனில் பேசவும் வழியில்லை. கட்டடத்துக்கே ஒரு போன்தான், அது வார்டுத் தலைவர் வீட்டில் இருந்தது. ஆக, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கம்ப்யூட்டருக்கு வாய் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பெற்றவர்கள் இல்லாமலே பெண்ணுக்குக் கல்யாணம்.

ஸ்டீவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இன்சீன் ரயில் பட்டறையில் மின்வேலை பார்த்து, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறிய ஆள். சுற்றுரயிலில் வந்து இறங்கியவர், லோஞ்ஜிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகப் பெட்டியைக் கழற்றினார். குமிழ், வயர் என்று வெளியே பார்ப்பதெல்லாம் படிக்காதவன் வேலை என்பது அவர் எண்ணம். தன் பையிலிருந்த ஹெட்போனை எடுத்துப் பெட்டியின் பின்னால் நேரே சொருகினார். பாட்டு கேட்டது.

"பெட்டி நல்லாருக்கு. உங்க ஸ்பீக்கர் செத்துப்போச்சு" என்றார்.

வியாழக்கிழமை புது ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டினார். கடையிலிருந்து குமிழ் பாதி திறந்தபடியே வந்த ஸ்பீக்கர். கணீரென்று பாடியது. திரையின் மூலையில் இருந்த ஒரு சின்னப் படத்தைக் காட்டி, "சத்தத்தை இதுல ஏத்துங்க, இறக்குங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனார். செபாஸ்டியன் மகிழ்ச்சியாகக் கம்ப்யூட்டரை அணைத்துத் துணி போட்டு மூடினார்.

வெள்ளிக்கிழமை சத்தம் இல்லை. திரையின் மூலையில் சத்தம் உச்சியில் இருப்பதைப் பத்து தடவை பார்த்துவிட்டார். பயனில்லை. மறுபடி வந்த ஸ்டீவன், எங்கள் ஊரில் எந்த இயந்திரத்துக்கும் கடைசியில் சொல்லும் தீர்ப்பைச் சொன்னார். "எல்லாம் இந்த மீ படுத்தற பாடு." மின்சாரத்தைத்தான் நாங்கள் பர்மியத்தில் மீ என்போம். அது வரும்போதும் கெடுதி, போகும்போதும் கெடுதி என்று விளக்கினார். சாத்திரத்துக்கு ஒரு சவுண்டு கார்டை மாற்றிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அழைப்பு. காது கேட்கிற ஒருவர் கூட இருக்கட்டும் என்றாள் அமலி. நாங்கள் உட்கார்ந்தோம். அமலி ஜன்னல்களைச் சாத்தக் கிளம்பினாள். செபாஸ்டியன் துணியை எடுத்து, சுவிட்சைப் போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்தார். அங்கே ஜாஸ்லினும் பொன்னுத்துரையும் தெரிந்தார்கள். பொன்னுத்துரை வாயசைத்தார். சத்தம் இல்லை.

செபாஸ்டியனின் தலை மெல்ல அசையத் தொடங்குவதைப் பார்த்து, நான் அவர் தோளைப் பிடித்தேன்.

அப்போது இணைப்பு திணறி, படம் உறைந்துவிட்டது. எங்கள் ஊர் இணையத்தில் இது புதிதில்லை. ஒரே படம் ஐந்து நிமிடம்கூட நிற்கும். எங்கள் படமும் அங்கே அப்படித்தான் உறைந்திருக்க வேண்டும். ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் திரையின் கீழே ஜாஸ்லின் எழுதிய வரி வந்தது.

"அப்பா, வலது கையில எதைத் திருகிக்கிட்டு இருக்கீங்க?"

செபாஸ்டியன் குனிந்து தன் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கை ஸ்பீக்கர் குமிழின் மேல் இருந்தது. இடப்பக்கம் முழுக்கத் திருகி, இனிமேல் திருக இடமில்லாமல் அங்கேயே தங்கியிருந்தது. அது யாருடைய கையோ என்பது போல அவர் பார்த்தார்.

இரண்டாவது வரி வந்தது. "ரேடியோவ மூடற மாதிரியே மூடறீங்க. தொறங்கப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. இருபது வருடம் இப்படித்தான் இருந்தோமா என்று நினைத்தேன். செபாஸ்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு குமிழை வலப்பக்கம் முழுக்கத் திருகினார்.

"கேக்குதா சம்பந்தி? கேக்குதா?" என்று பொன்னுத்துரையின் குரல் வீட்டையே அதிர வைத்தது. பின்னாலேயே, "அப்பா! அம்மா!" என்றாள் ஜாஸ்லின். ஜன்னலைச் சாத்தப் போன அமலி கொக்கியில் கை வைத்தபடி நின்று, மகள் குரலைக் கேட்டு அழுதாள்.

"அப்ப ஜனவரியிலயே வச்சுக்குவோம். நீங்க சிரமப்பட வேணாம்" என்றார் பொன்னுத்துரை.

"இல்ல" என்றார் செபாஸ்டியன்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு தடவை சொன்னதும் ருசி கண்டுவிட்டார் போல. "இல்ல, இல்ல! அன்னைக்கி எனக்கு ஒண்ணும் கேக்கல. கேக்காமலே தலையாட்டிட்டேன். என் பொண்ணு கையை நான்தான் பிடிச்சுக் கொடுப்பேன். பாஸ்போர்ட்டு வாங்கிட்டு வாறோம். ஈஸ்டர் கழிச்சு வைங்க! நாங்க இல்லாமக் கல்யாணம் இல்ல!"

திரையில் இரண்டு முகமும் கொஞ்சம் பின்னால் போயின. பிறகு பொன்னுத்துரை மெதுவாகச் சொன்னார்: "சரிங்க சம்பந்தி. ஈஸ்டர் கழிச்சே வைப்போம். கத்த வேணாம், எங்களுக்கு நல்லாக் கேக்குது."

கீழே இருப்பவர்களுக்கும் நல்லாக் கேட்டிருந்தது. இத்தனை வருடம் எங்கள் நடுவே இருந்ததில் ஊ சிட் ஓனுக்குத் தமிழும் புரியும். மறுநாள் காலை நாங்கள் இருவரும் படியிறங்கும்போது ஊ சிட் ஓன் தன் வாசலில் நின்றிருந்தார். செபாஸ்டியன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊ செபாஸ்டியன், பொண்ணுக்குக் கல்யாணமாமே" என்றார் அவர் பர்மியத்தில், ஐயா போடுவது போல ஊ போட்டு. "பாஸ்போர்ட்டுக்கு வார்டுச் சிபாரிசு வேணும். மனு எழுதிக் கொண்டாங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

ஊ சிட் ஓன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொண்ணு. இருபது வருஷமா சாயங்காலச் செய்தியை உங்க ரேடியோவுலதான் நான் கேக்குறேன். என் வீட்டுல வெச்சா வம்பு. ஆனா பாதி காதுல விழறதே இல்ல. உங்க வீட்டம்மா வேற சரியா அந்நேரம்தான் இடிக்கிறாங்க. கொஞ்சம் சத்தமா வையுங்களேன்."

செபாஸ்டியன் தலையாட்டினார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் ஆட்டினார்.

அன்று சாயங்காலம் உரல் சத்தம் இல்லை. செய்தி என் வீடு வரைக்கும் தெளிவாகக் கேட்டது. என் ரேடியோவை நான் போடவே இல்லை, ஆனாலும் பழக்கத்தில் எழுந்துபோய் என் வீட்டு ஜன்னல்களைச் சாத்தினேன்.