தட்டு சுமந்த விமானமும் மதியழகனின் மீசையும்

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் மதியழகனுக்கு நல்ல பெயர். அவன் கட்டிய கூண்டு ஆடாது. வேலை முடிந்த பிறகும் ஓர் இரும்புப் பட்டையைக் கூடுதலாகப் பற்றவைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

அப்பேர்ப்பட்டவன் போய் விமானத்தில் பந்தயம் கட்டினான்.

புதுச்சத்திரத்தில் அக்கா வெண்ணிலா வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு. டிவியில் விமானம் தாங்கிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது.

"முதுகுல ரேடார் தட்டை வெச்சுக்கிட்டு, எதிரி வர்றத முன்கூட்டியே பாக்கற ப்ளேன் நம்ம கப்பல்ல இல்லீங்களாமே?" என்றான் மதியழகன்.

"அது கனம் மாப்ள," என்றார் அக்காவின் கணவர் பெரியசாமி. "வெளிநாட்டுக் கப்பல்ல இழுத்து எறிய மெஷின் இருக்குது. நம்மளுதுல ஓடிப்போய் நுனி மேட்டுல எகிறோணும். அது எகிறாது."

"நான் ஒண்ணு செஞ்சு எகிற வெக்கறேன், பாருங்க மாமா."

"எகிறலைன்னா?"

"மீசைய எடுத்தர்றேன்."

மாமாவின் கோழிப்பண்ணை வாசலில் ஆறடிப் பலகை ஒன்று கப்பலானது. அதன் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தது. நிஜக் கப்பலின் கீழ்த்தளம் போல, அடியில் விமானத்தை நிறுத்த ஒரு சாண் உயரப் பெட்டி. பலகைக்கு அப்பால் இருந்த தண்ணீர்த் தொட்டிதான் கடல்.

அடுத்த ஞாயிறு மதியழகன் மோட்டார் வைத்த பொம்மை விமானத்தோடு வந்தான். முதுகில் ரேடார் தட்டாக டிபன் பாக்ஸ் மூடி. அது பெட்டிக்குள் நுழையவில்லை. சக்கரக் கால்களைக் குட்டையாக்கினான். உயரம் சரியானது, ஆனால் முன்விசிறி பலகையில் இடித்தது. காலை மறுபடி நீட்டி மூடியைத் தாழ்த்தினான். இப்போது இறக்கை பெட்டியின் பக்கத்தில் தட்டியது. இறக்கையை வெட்டினான். விமானம் சமர்த்தாக ஓடிப்போய்த் தொட்டிக்குள் குதித்தது.

மறுவாரம் மடங்கும் இறக்கையோடு வந்தான். கதவுக்குப் போடும் கீல் வைத்திருந்தான். ஆடக் கூடாதே என்று ஒரு பட்டையும் சேர்த்திருந்தான். அது விழுந்த சத்தத்தில் கோழிகள் அலறின.

"ஏஞ்சாமி, இது ப்ளேனா, பத்து சக்கர லாரியா?" என்றாள் அக்கா.

கடைசியாக ஒரு பொம்மை ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தான். தட்டு அதன் வயிற்றோடு மடங்கியிருந்தது. நேராக மேலே எழும்பியதும் தட்டு கீழே விரிந்தது.

"தட்டு மேல போயிருச்சுங்க மாமா!"

"நெசக் கப்பல்லயும் இப்படித்தான் சமாளிக்கறாங்க. ஆனா ப்ளேன் அளவுக்கு உசரமும் போகாது, ரொம்ப நேரமும் நிக்காது. பந்தயம் ப்ளேனுக்குத்தானுங்க மாப்ள?"

இருவரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"என்ற தம்பி மாதிரி கெட்டிக்காரன் இந்த ஜில்லாவுலயே இல்ல," என்றாள் அவள். மதியழகன் மீசையை முறுக்கினான். "ஆனா நீ சொன்னது ப்ளேனு. ஊட்டுக்குள்ள கண்ணாடி இருக்குது, போ சாமி."

திங்கட்கிழமை பட்டறையில் மேஸ்திரி வெங்கடாசலம் அவன் முகத்தைக் கண்டதும் பதறிப்போனார்.

"ஏப்பா, ஊட்டுல யாருக்கு என்னாச்சு? ஒரு வார்த்தை சொல்லி உட்டிருக்கக் கூடாதா?"

"நம்ம ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்க," என்றான் மதியழகன், வெறும் உதட்டைத் தடவியபடி. "ஒரு ப்ளேன்தான் தண்ணியில உழுந்துருச்சுங்க."