எம் போட்ட கெர்னல்

“…எம் போடுன்னு நீதான மச்சி சொன்ன?” என்றான் அந்தோணி, என் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடியில் கவிழ்த்தபடி.

சாந்தோமில் ஒரு சந்துக்குள் அவன் கடை. அவனுடையது என்று தெரியாமல்தான் நகல் எடுக்கப் போனேன். இருபது வருடம் இருக்கும் பார்த்து. பிள்ளைகளை விசாரித்தான், சுகர் இருக்கிறதா என்று கேட்டான், அதே குரலில் இதையும் கேட்டுவிட்டான்.

சூடான தாளும் மையும் சேர்ந்த வாசனை இருக்கிறதே, அதில் கொஞ்சம் புழுதியைச் சேர்த்தால் எங்கள் பழைய கடை வந்துவிடும். தி. நகரில் ஒரு பாத்திரக்கடையின் மாடி. கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கீழே எவர்சில்வர் குடங்கள் உருளும். மேலே நாங்கள் கெர்னல் கம்பைல் செய்வோம். கெர்னல் என்றால் கம்ப்யூட்டரின் உயிர்நாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இணையத்திலிருந்து மூல நிரலாக இறக்கி, நம் மெஷினுக்கு ஏற்றபடி நாமே சமைத்து எடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் திரையில் எழுத்து ஓடும். முதலாளி சேகர் அண்ணன் சொல்வார், “மீன் கொயம்பு மாதிரிடா, சும்மா சும்மா மூடியத் தொறந்து பாக்காத.” ஜென்டூ என்ற லினக்ஸ் ரகம் போட்ட மெஷின் என்றால் பக்கத்தில் பாய் விரிக்கச் சொல்வார், ஜென்டூவில் கெர்னல் மட்டுமல்ல, எல்லாவற்றையுமே சமைக்க வேண்டும்.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவனின் கெர்னல் முதல்முறை எழும்போது எல்லோரும் அவன் முதுகுக்குப் பின்னால் கூடி நிற்போம். எழாமல் ‘பேனிக்’ என்று திரை உறைந்துவிட்டால், கையைக் குவித்து வாயில் வைத்துச் சங்கு ஊதுவோம். ஒருவன் சிபியூ பெட்டியில் சாவு மேளம் அடிப்பான். இதற்குப் பெயர் எடுப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரும். எங்களுக்கு.

நானும் அந்தோணியும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். நிரந்தர வேலை ஒருவருக்குத்தான். யாருடைய கெர்னல் எழுகிறதோ அவன் உள்ளே, மற்றவன் வீட்டுக்கு. இரண்டு மெஷின் வைத்தார்கள். ஒன்றில் டெபியன், இன்னொன்றில் ஸ்லாக்வேர், இரண்டும் லினக்ஸ் ரகங்கள்தான். சீட்டுக் குலுக்கினார்கள். அந்தோணி கைவைத்துப் பழகியது டெபியன். அது எனக்கு விழுந்தது. நான் பழகிய ஸ்லாக்வேர் அவனுக்கு. சீட்டு விழுந்த வேகத்தில் அவன் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இத்த இப்டி குடு மச்சி, மீதிய அதுவே பாத்துக்கும்.” என் கெர்னல் பாதி அவன் சொன்னதுதான்.

பிறகு அவன் கேட்டான். கம்பைலுக்கு முன்னால், எந்தச் சரக்கை எங்கே வைப்பது என்று நூற்றுக்கணக்கில் கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம் போட்டால் அந்தச் சரக்கு கெர்னலுக்குள்ளேயே போகும். எம் என்ற எழுத்தைப் போட்டால் தனியே டிஸ்கில் இருந்து, தேவைப்படும்போது வரும். டிஸ்கையே படிக்கத் தெரிந்த சரக்குக்கு டெபியனில் எம் போட்டாலும் பாதகமில்லை, துணைக்கு ஒரு சின்ன மூட்டையை அது கட்டிக்கொடுத்துவிடும். ஸ்லாக்வேரில் மூட்டையை நாம்தான் கட்ட வேண்டும். கட்டாமல் எம் போட்டால், பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய கதை.

“இந்த டிஸ்க் சரக்குக்கு இன்னா போட்றது, ஸ்டாரா, எம்மா?”

“எம் போடு மச்சி. டெபியன்ல போடுவல்ல, அதேதான்.”

சொல்லும்போது நான் தலைகூட நிமிரவில்லை. மூட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. கிடைத்த புத்தகத்தையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துத் தானாகவே கற்றுக்கொண்டவன் என்று என்னைப் பற்றிப் பெருமை பேசுவேன். இதையும் நானாகவேதான் கற்றேன்.

மதியம் இரண்டு மணிக்கு என்னுடையது எழுந்தது. அந்தோணியின் பின்னால் எல்லோரும் கூடினோம். திரையில் நாலு வரி ஓடி, ரூட்டை, அதாவது டிஸ்கையே, காணோம் என்று நின்றது. பேனிக். முதலில் சங்கு ஊதியது நான். நன்றாக ஊதுவேன், அதற்குக் கடையில் பேர் உண்டு. அவனும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான், கொஞ்ச நேரம்.

அவன் பையில் ஒரு டப்பா இருந்தது. வேலை நிரந்தரமானால் எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லி, டீச்சர் வேலை பார்த்த அவன் அம்மா செய்து அனுப்பிய கேக். மேளம் அடித்தவன் அதைக் கண்டுபிடித்து, “டேய், காரியச் சோறுடா” என்று திறந்தான். அந்தோணியே துண்டு போட்டுக் கொடுத்தான். நான் இரண்டு தின்றேன். முந்திரி நிறைய இருந்தது. அவன் காலி டப்பாவைக் குழாயில் கழுவி, கவிழ்த்துத் தண்ணீரை உதறிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

பாத்திரக்கடை இப்போது இல்லை. அங்கே கண்ணாடி மாளிகை நிற்கிறது. கெர்னல் தானாகவே வந்து தானாகவே மாட்டிக்கொள்கிறது. நட்சத்திரமா எம்மா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. சங்கு ஊதவும் ஆள் கிடையாது; அப்போது மேளம் அடித்தவன் அமெரிக்காவில் சாந்தமாக இருக்கிறான்.

“அப்ப எனக்கே தெரியாதுப்பா” என்றேன். முதல் பொய்யைவிட இது சுலபமாக வந்தது.

அந்தோணி தலையை ஆட்டிக்கொண்டான். மெஷினின் மூடியை மெதுவாக இறக்கினான். “எத்தினி காப்பி வேணும் சார்?” என்று கேட்டுவிட்டு, பச்சைப் பொத்தானில் விரலை வைத்தபடி என் பதிலுக்காகக் காத்து நின்றான்.